பேக்ஸ்பின் பந்தை அடித்தால் நெட்டிலா, வெளியிலா? பந்து போன இடத்தை வைத்துப் பிழை பிடிப்பது

டேபிள் டென்னிஸில் எதிராளி ஒரு புஷ் வைக்கிறார், அதாவது பந்தின் அடியை உரசி, பின்னோக்கிச் சுழலும்படி (பேக்ஸ்பின்) தள்ளுகிறார். பந்து மெதுவாக, நீளமாக, அடிக்க வாகாகத்தான் வருகிறது. அடித்தால் நெட். அடுத்த பந்துக்குப் பேட்டைக் கொஞ்சம் திறந்து, அதாவது முகம் மேலே பார்க்கும்படி பிடித்தால் டேபிளைத் தாண்டி வெளியே. மூன்றாவதற்கு நம்பிக்கை போய்விடும், நாமும் புஷ் வைப்போம். அப்புறம் யாராவது ஒருவர் சொதப்பும்வரை இரண்டு பேரும் மாறி மாறிப் புஷ்தான்.

இதில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் முதலில் கை வைப்பது பேட்டின் கோணத்தில். அது கடைசியாகத் தொட வேண்டியது. கோணத்தை மட்டும் மாற்றினால் ஒரு பந்து சரியாகும். ஸ்பின் சற்றுக் கூடியோ குறைந்தோ வரும் அடுத்த பந்தில் பழைய கதைதான். சோதிக்க வேண்டிய வரிசை இது: ஸ்பின்னைச் சரியாகக் கணித்தோமா, கால் பந்திடம் போனதா, பந்தை எந்த உயரத்தில் தொட்டோம், வீச்சு எந்தத் திசையில் போனது. இவை நான்கும் சரி என்றால் மட்டும் கோணம்.

கீழே உள்ளதெல்லாம் வலது கை ஆட்டக்காரருக்கு, இரு பக்கமும் வழவழப்பான சாதாரண ரப்பர் ஒட்டிய பேட்டுக்கு. இடது கை என்றால் திருப்பிக்கொள்ளுங்கள். நம் கிளப்களில் புஷ்ஷையே "சாப்" என்று சொல்பவர்கள் உண்டு. இங்கே புஷ் என்றால் டேபிளுக்கு அருகில் நின்று வைப்பது, சாப் என்றால் பின்னால் போய் நின்று வெட்டுவது.

அந்தப் பந்தில் என்னதான் நடக்கிறது

பேக்ஸ்பின் பந்து உங்களை நோக்கி வரும்போது, உங்களைப் பார்த்திருக்கும் அதன் முகம் கீழிருந்து மேலே ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்டைச் சும்மா நிறுத்திப் பிடித்தால், மேலே ஓடும் அந்த முகத்தை ரப்பர் பிடித்து நிறுத்தப் பார்க்கும். அதன் விளைவாகப் பந்து கீழே தள்ளப்பட்டு நெட்டின் அடிக்குப் போகும்.

பேட் மேல்நோக்கிப் போனால்? ரப்பரும் பந்தின் முகமும் ஒரே திசையில் ஓடுகின்றன. இப்போது யார் வேகம் என்பதுதான் கேள்வி. 40 மில்லிமீட்டர் பந்தின் சுற்றளவு சுமார் 12.6 சென்டிமீட்டர். அது விநாடிக்கு 50 சுற்று சுற்றினால், மேற்பரப்பு விநாடிக்கு 6.3 மீட்டர் ஓடுகிறது. பேட் இதைவிட வேகமாக மேலேறினால் ரப்பர் பந்தைத் தூக்கும். குறைவாக ஏறினால், நீங்கள் என்னதான் மேல்நோக்கி வீசியிருந்தாலும், கீழேதான் தள்ளும்.

"இந்தப் பந்து கனமாக வருகிறது, பார்த்துப் பதனமாக அடிப்போம்" என்று (கனம் என்றால் பேக்ஸ்பின் அதிகம்) மெதுவாக வீசும் வீச்சு நெட்டுக்குள் போவது இதனால்தான். பயம்தான் அங்கே பிழை. பேட் வேகமாக ஏறிவிட்டாலோ, எதிராளி போட்ட சுழற்சி அப்படியே உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். பந்து திசை திரும்பியதும் அவருடைய பேக்ஸ்பின் உங்களுடைய டாப்ஸ்பின் (முன்னோக்கிய சுழற்சி). கனமான புஷ்ஷை லூப் செய்தால் (கீழிருந்து மேலே உரசி டாப்ஸ்பின் ஏற்றி அடித்தால்) ஸ்பின் தாறுமாறாக இருப்பதற்குக் காரணமும் இதுவே.

அறிகுறி: பந்து நெட்டின் அடியிலோ நடுவிலோ விழுகிறது

நெட் 15.25 சென்டிமீட்டர் உயரம். அதன் பாதிக்குக் கீழே பந்து போகிறதென்றால் சிறு திருத்தம் போதாது, வீச்சின் அடிப்படையே தவறு.

போனை டேபிள் உயரத்தில் பக்கவாட்டில் வைத்துப் பத்துப் பந்து எடுங்கள். பந்து உங்கள் பக்கம் குத்தும் அந்த நொடியில் நிறுத்திப் பாருங்கள். பேட் எங்கே இருக்கிறது? டேபிளின் உயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து 76 சென்டிமீட்டருக்கு மேலே இருந்தால் பிழை கிடைத்துவிட்டது. அந்த நொடியில் பேட் ஏற்கெனவே முழங்கால் உயரத்துக்கு இறங்கிக் காத்திருக்க வேண்டும். தினமும் டாப்ஸ்பின்னுக்கு எதிராக டிரைவ் அடித்துப் பழகியவர்களுக்குப் பேட் பந்தின் உயரத்திலிருந்தே கிளம்பும். அங்கிருந்து மேலே ஏற இடம் ஏது? முன்னால்தான் போகும்.

திருத்தம், ஃபோர்ஹேண்டில்:

1. வலது காலை அரையடி பின்னே எடுத்துவைத்து, எடையை அதன் மேல் இறக்குங்கள். முழங்கால் மடங்கட்டும், வலது தோள் இடது தோளைவிடத் தாழட்டும்.
2. கை ஏறக்குறைய நீட்டியபடி, முழங்கை மட்டும் விறைக்காமல். பேட்டின் தலை வலது முழங்காலுக்கு வெளியே, பின்னே.
3. வலது காலால் தரையைத் தள்ளிக்கொண்டே இடுப்பைத் திருப்புங்கள். கை அதன் பின்னால் வரும்.
4. தொடும் நேரத்தில் முன்கை மடங்கும். பேட் முகம் எதிர்ச் சுவரைப் பார்த்து, ஏறக்குறைய செங்குத்தாக. மிகக் கனமான புஷ்ஷுக்கு ஒரு சொட்டுத் திறந்திருக்கலாம்.
5. வீச்சு நெற்றிக்கு முன்னால் முடியட்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் வேகத்தை மறந்துவிடுங்கள். பந்து நெட்டுக்கு மேலே 30 சென்டிமீட்டர் உயரத்தில் போனாலும் சரி. ஸ்பின் ஏறியதா என்பதை எதிர்ப்பக்கம் குத்தியபின் பந்து முன்னே பாய்வதில் பாருங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். "மேலே தூக்கு" என்று சொன்னதும் பலர் முதுகை நிமிர்த்தித் தூக்குவார்கள். பந்தைத் தொடுமுன்பே உடம்பு எழுந்து நின்றுவிடும், பேட் பந்தைவிட்டு விலகி விளிம்பில் படும், மறுநாள் இடுப்பு வலிக்கும். தூக்க வேண்டியது காலும் இடுப்பின் திருப்பமும். தலையின் உயரம் வீச்சு முழுவதும் அதிகம் மாறாமல் இருந்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

பேட் தாழத்திலிருந்து கிளம்பியும் நெட்டில்தான் போகிறதா? சத்தத்தைக் கேளுங்கள். "டொக்" என்று கட்டைச் சத்தம் வந்தால் பந்தைப் பின்னாலிருந்து குத்துகிறீர்கள். உரசிப் போகும் தொடுதலின் சத்தம் அடங்கியிருக்கும். இடைப்பட்ட ஒரு சத்தம் உண்டு. ரப்பருக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்சுக்குள் பந்து லேசாக அமுங்கி, அப்புறம் உருண்டு வெளியேறுவது. தேட வேண்டியது அதைத்தான்.

அறிகுறி: நெட்டின் மேல்விளிம்பு டேப்பில் பட்டு நம் பக்கமே விழுகிறது

எரிச்சலான பிழை. ஆனால் நல்ல செய்தி, ஏனென்றால் வீச்சு சரி. இதற்காக வீச்சை மாற்றிக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் நேரம் தப்பியிருக்கும்.

பந்து எழும்பி உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கியதும் தொட வேண்டும். உச்சியிலிருந்து ஒரு சாண் இறங்கும்வரை இடம் உண்டு. டேபிள் மட்டத்துக்குக் கீழே போனபின் தொட்டால், நெட்டைத் தாண்ட இன்னும் செங்குத்தாக ஏற்ற வேண்டும். இறங்கிவரும் பந்தின் வேகமும் சேர்ந்து கீழே இழுக்கும். பழைய பாணியில் பந்தை நன்றாக இறங்கவிட்டு அடிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் உண்டு. முட்டி வரைக்கும் மடங்கி உடம்பைத் திருப்பக்கூடியவர்களுக்கு அது சரி. வாரம் இரண்டு நாள் ஆடுபவருக்கு உச்சிக்குச் சற்றுப் பின் தொடுவதுதான் பாதுகாப்பு.

ஏன் தாமதமாகிறது என்றால், கால். நீளமான புஷ் வயிற்றை நோக்கி வரும்போது குதிகாலில் நின்றிருப்பவர் நகராமல் கையை மட்டும் ஒடுக்கிக்கொள்வார். அந்தக் கை எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் தாமதம்தான். குதிகாலுக்கு அடியில் ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு எடை முன்பாதத்தில் இருக்கட்டும்.

பயிற்சிக்கு ஒரு எளிய ஏற்பாடு: நெட்டின் இரு கம்பங்களிலும் ஒவ்வொரு ஸ்கேலை நிறுத்திக் கட்டி, நெட்டுக்கு மேலே 15 சென்டிமீட்டரில் ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். பத்தில் எட்டுப் பந்து நூலுக்கு மேலே போய் டேபிளில் விழும்வரை நூல் இருக்கட்டும். கண்ணுக்கு இலக்கு நெட்டின் மேல்விளிம்பாக இருந்தால் பந்து அங்கேதான் போகும்.

அறிகுறி: டேபிளைத் தாண்டி வெளியே போகிறது

வெளியே போவதில் இரண்டு வகை. எது உங்களுடையது என்று பார்க்காமல் பேட்டை மூடாதீர்கள்.

பந்து வளைந்து உயர்ந்து, டேபிளின் கடைசி விளிம்பை ஒட்டி நாலு விரற்கடை தள்ளி விழுகிறது: ஸ்பின் ஏறியிருக்கிறது, கோணம் கொஞ்சம் திறந்திருக்கிறது அல்லது உடம்பு பின்னால் சாய்ந்திருக்கிறது. அடித்து முடித்ததும் எடை எந்தக் காலில் நிற்கிறது என்று பாருங்கள். வலது காலிலேயே தங்கிவிட்டால் சாய்வுதான் காரணம். இடது காலுக்கு எடை மாறினாலே பந்து உள்ளே இறங்கிவிடும்.

பந்து வளையாமல் நேர்கோடாகப் பறந்து பின்சுவரை நோக்கிப் போகிறது: இது கணிப்புப் பிழை. வந்தது கனமான பந்து இல்லை, ஸ்பின் இல்லாத டெட் பால். அதைக் கனமான பந்தைப் போலத் தூக்கியிருக்கிறீர்கள்.

டெட் பாலை முன்கூட்டியே பிடிப்பது ஒரு தனிக் கலை. பார்க்க வேண்டியவை சில உண்டு. எதிராளி புஷ் வைக்கும்போது பந்து அவர் பேட்டில் எங்கே பட்டது? பேட்டின் நுனிப்பக்கம் வேகமாக நகரும், கைப்பிடிப்பக்கம் மெதுவாக நகரும். நுனியை ஒட்டிப் பட்டால் கனம், பிடியை ஒட்டிப் பட்டால் காலி (ஸ்பின் இல்லை). மணிக்கட்டு பந்தைத் தொடுமுன் வெட்டியதா, தொட்டபின் வெட்டியதா? தொட்டபின் ஆர்ப்பாட்டமாகப் பேட்டை வீசிக் காட்டினால் அது நாடகம். பந்தின் மேல் அச்சடித்த கம்பெனி முத்திரையையும் பாருங்கள். கனமான பந்தில் அது கலங்கிய சாம்பல் வட்டமாகத் தெரியும், டெட் பாலில் கிட்டத்தட்டப் படித்துவிடலாம். இவை எல்லாம் தப்பினாலும், பந்து குத்தியபின் ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. கனமான பந்து குத்தியதும் தயங்கி நிற்பது போலிருக்கும், டெட் பால் தன் பாட்டுக்கு உள்ளே வரும்.

டெட் பாலுக்குப் பேட்டை இடுப்பு உயரத்திலிருந்து கிளப்பி, முகத்தைச் சற்று மூடி, முன்னோக்கி அடியுங்கள். அது தண்டிக்க வேண்டிய பந்து.

பயிற்சி: 50 பந்து ஒரு வாளியில். போடுபவர் கனமாகவும் காலியாகவும் கலந்து போடுவார், வரிசை சொல்ல மாட்டார். அடிப்பவர் பந்து தன் பக்கம் குத்துமுன் "ஹெவி" அல்லது "டெட்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அடி உள்ளே போனதா என்பது இங்கே முக்கியமே இல்லை, சொன்னது சரியா என்று மட்டும் எண்ணுங்கள். தானாகப் பந்து போடும் சாதாரண ரோபோ மெஷின் இதற்கு உதவாது. ஒரே அளவு ஸ்பின்னைத் திரும்பத் திரும்பத் துப்பி, கணிக்கும் பழக்கத்தையே மழுங்கடித்துவிடும்.

அறிகுறி: உள்ளே விழுகிறது, ஆனால் எதிராளி ஸ்மாஷ் அடிக்கிறார்

முதலில் பந்து விழும் இடத்தைப் பாருங்கள். டேபிளின் நடுவில் உயரமாக விழும் லூப் ஒரு பரிசுப்பொருள். அதே உயரம், அதே வேகம், ஆனால் கடைசி 30 சென்டிமீட்டருக்குள் விழுந்தால் எதிராளி பின்னே தள்ளப்படுவார். ஆகவே முதலில் ஆழம், அப்புறம் வேகம்.

ஆழம் வந்தபின் வீச்சின் முடிவிடத்தை நெற்றியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு நகர்த்துங்கள். கிளம்பும் இடத்தை மாற்றாதீர்கள், பழையபடி நெட்டுக்குப் போகும். இடமும் முக்கியம். எதிராளியின் வலது முழங்கைக்கு நேராக வரும் பந்துக்கு ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா என்று அவர் ஒரு கணம் யோசித்தாக வேண்டும்.

மெதுவான லூப் கேவலம் என்று நினைத்து அதைக் கைவிடவும் வேண்டாம். பிளாக் செய்ய, அதாவது பேட்டை நிறுத்திப் பிடித்துத் திருப்ப, தெரியாதவரிடம் மெதுவாக, கனமாகப் போகும் லூப் அவர் பேட்டில் பட்டு விட்டத்தைப் பார்த்து எழும்பும்.

அறிகுறி: ரப்பரில் வழுக்கி, பந்து காலடியிலேயே விழுகிறது

வீச்சு நன்றாக இருக்கிறது, பந்தும் பேட்டில் பட்டது, ஆனால் எதுவுமே நடக்காதது போல் கீழே சரிகிறது. ரப்பரைச் சந்தேகப்படலாம்.

சோதனை: ரப்பரின் ஒரு பாதியை மட்டும் நீரில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். உலர்ந்த சுத்தமான பந்தை இரு பாதிகளிலும் விரலால் அழுத்தி இழுங்கள். துடைத்த பக்கம் பிடித்தால் வெறும் தூசிதான். இரு பக்கமும் வழுக்கினால் ரப்பர் முடிந்தது. நடுவில் பளபளப்புப் போய் வெளிறிய வட்டம் தெரிவதும் அதே செய்திதான். வாரம் 3 நாள், நாளுக்கு 2 மணி நேரம் ஆடுபவரின் ரப்பர் ஆறு முதல் எட்டு மாதத்துக்கு மேல் பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ரப்பர் புதிதாக இருந்தும் இது நடக்கும். காற்றில் ஈரம் ஏறிய மாலையில், அதுவும் ஏ.சி. காரிலிருந்து எடுத்த பேட்டைக் கொண்டு புழுக்கமான ஹாலுக்குள் போனால், ரப்பரின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். பேட்டை உறையிலிருந்து எடுத்து ஒரு கால் மணி நேரம் ஹால் சூட்டுக்குப் பழகவிடுங்கள். இரண்டு துண்டு வையுங்கள், ஒன்று முகத்துக்கு, ஒன்று பேட்டுக்கும் பந்துக்கும். முகம் துடைத்த துண்டால் பேட்டைத் துடைத்தால் வியர்வையின் உப்பும் எண்ணெயும் ரப்பருக்குப் போகும். ஈரமான நாளில் உரசலைக் குறைத்து ஸ்பாஞ்சுக்குள் பந்து கொஞ்சம் அதிகமாக அமுங்கும்படி தொடுங்கள். மேல்பரப்பின் பிடி குறைந்தால் ஸ்பாஞ்ச் ஈடுகட்டும்.

ரெடிமேடு பேட்டாக இருந்தால் வேறு கதை. மெல்லிய ஸ்பாஞ்சும் வழவழத்த ரப்பரும் கொண்ட மலிவான பேட்டில் நல்ல லூப் வருவது கஷ்டம். கற்றுக்கொள்பவருக்கு 1.8 முதல் 2.0 மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச் போதும். (விதிப்படி ரப்பரும் ஸ்பாஞ்சும் பசையும் சேர்ந்து 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.) ஹரிக்கேன் 3 போன்ற ஒட்டும் தன்மையுள்ள சீன ரப்பர் பந்தைப் பிடிக்கும், ஆனால் வேகத்தை உங்கள் கைதான் கொடுக்க வேண்டும். டெனர்ஜி 05 போன்றவை தாமாகவே எறியும், தொடுதல் பிசகினால் வெளியேயும் எறியும்.

"மெல்லிசாக உரசு, மெல்லிசாக உரசு" என்ற பழைய அறிவுரை ஒன்று இன்னும் சுற்றுகிறது. அது செல்லுலாய்டு பந்துக் காலத்தது. 2014இல் பிளாஸ்டிக் பந்து வந்தபின் ஸ்பின் குறைந்தது, பந்தும் சற்றே பெரிதானது. மெல்லிய உரசல் மட்டும் இப்போது போதவில்லை. கொஞ்சம் அழுத்தி உரச வேண்டியிருக்கிறது.

அறிகுறி: ஃபோர்ஹேண்ட் சரி, பேக்ஹேண்டில் மட்டும் நெட்

முழங்கையைப் பாருங்கள். அது விலாவோடு ஒட்டியிருந்தால் முன்கை சுழல இடமே இல்லை. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு முஷ்டி நுழையும் இடைவெளி விட்டு, முழங்கையைச் சற்று முன்னே வையுங்கள். பேட்டைத் தொடைகளுக்கு நடுவே இறக்கி, அதன் நுனி தரையையும் பின்பக்கத்தையும் பார்க்கும்படி மணிக்கட்டை உள்ளே மடக்குங்கள். பந்தை வயிற்றுக்கு முன்னால், உச்சியில் தொட வேண்டும். ஃபோர்ஹேண்டைப் போல இறங்கவிட இங்கே இடமில்லை, கை அவ்வளவு நீளம் வீசாது.

கிளம்பும்போது முழங்கால் எழும்பலும் முன்கைச் சுழற்சியும் ஒன்றாக வரட்டும். முழங்கை அச்சு மாதிரி இருந்து, முடிவில் சற்று உயரலாம். அது கோழிச் சிறகு போல முதலிலேயே மேலே தூக்கிக்கொண்டால் பேட் பக்கவாட்டில் சறுக்கும். பந்து விளிம்பில் படுகிறதென்றால் அநேகமாகத் தலையைச் சீக்கிரம் தூக்கி எதிராளியைப் பார்க்கிறீர்கள்.

அறிகுறி: குட்டைப் பந்தும் அரைகுறை நீளமும்

நெட்டுக்கு அருகில் குத்தி, விட்டால் டேபிளிலேயே இரண்டாவது முறை குத்தும் பந்துக்கு லூப் கிடையாது, ஃபிளிக்தான் (முன்கையாலும் மணிக்கட்டாலும் சட்டென்று தட்டும் சிறு அடி). அதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை ஒன்றே: கால் வராமல் கை மட்டும் எட்டுகிறது. ஃபோர்ஹேண்ட் பக்கக் குட்டைப் பந்துக்கு வலது கால் டேபிளுக்கு அடியில் போய், வயிறு விளிம்பை நெருங்கியிருக்க வேண்டும். உச்சியில், பந்தின் பின்பக்கத்தில் மையத்துக்குச் சற்றுக் கீழே தொட்டு, முன்கையை முன்னும் மேலுமாகத் திருப்புங்கள். பேக்ஹேண்டில் மணிக்கட்டை முழுக்க உள்ளே மடக்கி, பந்தின் பக்கத்தைச் சுற்றி உரசும் பனானா ஃபிளிக் இதைவிட எளிது. பக்கவாட்டில் தொடுவதால் பேக்ஸ்பின்னின் பிடி குறைகிறது. 2012 ஒலிம்பிக் தங்கம் வென்ற சாங் ஜிகே இதை ஆயுதமாக்கிக் காட்டியபின் பள்ளிப் பிள்ளைகள்கூட முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். தாழ்வாக, கனமாக, நெட்டை உரசி வரும் குட்டைப் பந்தை ஃபிளிக் செய்யாதீர்கள். திரும்பக் குட்டையாகத் தட்டிவிடுவதில் அவமானம் ஒன்றுமில்லை.

இரண்டாவது குத்தல் கடைசி விளிம்பிலோ அதைத் தாண்டியோ விழும் பந்துதான் குழப்பம். முழங்காலிலிருந்து வீசினால் விரல் முட்டி டேபிள் விளிம்பில் இடிக்கும். இதற்கு மட்டும் பேட் டேபிள் மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. விளிம்புக்கு மேலேயே, சற்றுத் திறந்த முகத்தோடு, முன்கையும் மணிக்கட்டும் மட்டும் கொண்ட சின்னச் சுழற்சி. பேட் பிடித்த கை டேபிளில் பட்டால் பாயின்ட் போகாது, டேபிள் நகர்ந்தால் போகும். மற்றக் கை டேபிளின் மேல்தளத்தில் பட்டாலும் போகும். எட்டி அடிக்கும்போது இடது கையை ஊன்றும் பழக்கம் உள்ளவர்கள் இதில் அடிக்கடி இழப்பார்கள்.

அறிகுறி: முதல் லூப் பிரமாதம், பிளாக் ஆகி வரும் பந்தில் வெளியே

இரண்டாவது பந்து பேக்ஸ்பின் இல்லை, டாப்ஸ்பின். அதையும் முழங்காலிலிருந்து தூக்கினால் கூரைக்குப் போகும். முதல் வீச்சு நெற்றியில் முடிந்ததும் பேட்டை அதே வழியில் கீழே இறக்காமல், நேராக நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவாருங்கள். அங்கிருந்து இரண்டாவது வீச்சு இடுப்பு உயரத்தில் தொடங்கி, மூடிய முகத்தோடு முன்னே போகும். இரண்டையும் ஜோடியாகவே பழகுங்கள்: ஒரு புஷ், ஒரு பிளாக், நிறுத்து.

அறிகுறி: சாப்பரிடமோ பிம்பிள்ஸ் பேட்டிடமோ எதுவும் புரியவில்லை

நீளப் பிம்பிள்ஸ் (மேற்பரப்பில் நீண்ட ரப்பர் முனைகள் நிற்கும் ரப்பர்) தானாகப் பெரிதாக ஸ்பின் போடாது. நீங்கள் அனுப்பியதைத் திருப்பிக் கொடுக்கும். நீங்கள் கனமான லூப் அடித்தால் கனமான பேக்ஸ்பின் வரும். மெதுவான லூப்புக்கு இலேசானது வரும். நீங்கள் புஷ் வைத்தால் டெட் பாலோ இலேசான டாப்ஸ்பின்னோ வரும், அதை மறுபடி புஷ் வைத்தால் எழும்பிவிடும். "முதல் லூப் போனது, இரண்டாவது ஏன் நெட்டில்?" என்பவருக்கு விடை இங்கேதான் இருக்கிறது. முதல் லூப் நன்றாக இருந்ததால்தான் இரண்டாவது பந்து கனமாக வந்தது. அதற்கு இன்னும் தாழத்திலிருந்து, இன்னும் மேலே. அல்லது ஒரு புஷ் வைத்து, திரும்பி வரும் காலிப் பந்தை அடிக்கலாம். இரண்டாவது வழி குறைந்த உழைப்பு.

ஆட்டத்துக்கு முன் எதிராளியின் பேட்டை வாங்கிப் பார்க்கும் உரிமை விதியில் இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள். எந்த நிறத்தில் பிம்பிள்ஸ் என்று மனதில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வேறு பளிச்சென்ற நிறம் என்று விதி வைத்திருப்பதே இதற்காக. ஆட்டத்தின் நடுவே அவர் பேட்டைக் கைக்குள் திருப்பிப் போடுவார், நிறத்தைப் பார்க்காதவருக்கு அது தெரியாது. பிம்பிள்ஸ் என்றால் பின்னால் நின்று வெட்டுபவர் மட்டும்தான் என்றும் எண்ண வேண்டாம். 2003 உலகப் போட்டியின் இறுதிவரை வந்த கொரியாவின் ஜூ செ-ஹ்யுக் பின்னால் நின்று வெட்டுபவர். இந்திய வீராங்கனை மணிகா பத்ரா பேக்ஹேண்டில் நீளப் பிம்பிள்ஸ் வைத்துக்கொண்டு டேபிளை ஒட்டியே நின்று ஆடுபவர். இரண்டாவது வகையில் பந்து சீக்கிரம் திரும்பி வரும், யோசிக்க நேரம் பாதிதான்.

அறிகுறி: பயிற்சியில் போகிறது, மேட்சில் போகவில்லை

பிடியை முதலில் பாருங்கள். 9-9இல் விரல்கள் இறுகும், இறுகிய மணிக்கட்டு மெதுவாக நகரும், மெதுவான பேட் பந்தைக் கீழே தள்ளும். மேலே சொன்ன 6.3 மீட்டர் கணக்கு இங்கேதான் பழிவாங்கும். சர்வீஸுக்கு முன் யாராவது பேட்டை இழுத்தால் கையைவிட்டு உருவிக்கொண்டு போகும் அளவுக்குத் தளர்த்துங்கள்.

அடுத்தது, அடிப்பதா வேண்டாமா என்ற முடிவைப் பந்து குத்தியபின் எடுப்பது. அதற்குள் கால் போக நேரமிருக்காது. சர்வீஸ் போடுமுன்பே "நீளமாக வந்தால் அடிப்பேன்" என்று முடிவு செய்துவிடுங்கள். குட்டையாக வந்தால்தான் மனதை மாற்ற வேண்டும்.

உங்கள் சர்வீஸையே கருவியாக்கவும் முடியும். நீங்கள் கனமான பேக்ஸ்பின் சர்வீஸ் போட்டால், எதிராளியின் புஷ்ஷும் கனமாகத்தான் திரும்பும். அன்றைக்குக் கனமான பந்து கைக்கு வரவில்லை என்றால், அதே சர்வீஸை டெட்டாகப் போடுங்கள். பந்தைப் பேட்டின் நுனிக்குப் பதில் பிடியை ஒட்டித் தொட்டு, தொட்டபின் வெட்டுவது போலவே பேட்டை வீசி முடிக்க வேண்டும். நீளம் குட்டையாக, நடுக்கோட்டை ஒட்டி. எதிராளி கனம் என்று நம்பிப் பேட்டைத் திறந்து புஷ் வைப்பார். அந்தப் புஷ் நாலு விரற்கடை உயரமாக, காலியாக எழும்பி வரும். அதற்கு முழங்கால் வரை இறங்க வேண்டாம். இடுப்பிலிருந்து நேராக முன்னே போனால் போதும்.